டேபிள் அட்வான்ஸும் பிளேக் காலத்துச் சட்டமும்

2020 மார்ச் 21, 22. சனி, ஞாயிறு. பக்கத்து மாவட்டத்துல ஒரு கல்யாண மண்டபத்துல நாணயம், ஸ்டாம்ப் கண்காட்சி நடக்கறதா இருந்துச்சு. நானும் ஒரு டேபிளுக்கு அட்வான்ஸ் கட்டியிருந்தேன். யானை போட்ட திப்பு காசு ஒரு ஆல்பம், ஆறாம் ஜார்ஜ் நோட்டு கொஞ்சம், பழைய தபால் கவர் ஒரு பெட்டி. எல்லாத்தையும் தூசி தட்டி எடுத்து வச்சாச்சு. (காசைத் துடைக்கலைங்க. துடைச்சா மதிப்பு போயிடும்னு தெரியாத ஆளா நானு?)

மார்ச் 16-ஆம் தேதி தியேட்டர், மால், பள்ளிக்கூடம் எல்லாத்தையும் மாசக் கடைசி வரைக்கும் மூடச் சொல்லி அரசு அறிவிச்சுது. கண்காட்சி காலி. 22-ஆம் தேதி நாடு முழுக்க மக்கள் ஊரடங்கு, 25-லேர்ந்து முழு ஊரடங்கு. மண்டபத்துக்காரர் பணத்தைத் திருப்பித் தரல, அதனால எங்க அட்வான்ஸும் வரல. அது போகட்டும்.

எனக்கு அப்ப இருந்த கோவமே வேற. தருமபுரி மாவட்டத்துல அன்னிக்கு ஒருத்தருக்குக்கூட தொற்று இல்ல. ஏப்ரல் பிற்பகுதி வரைக்கும் இல்ல. கிருஷ்ணகிரி இன்னும் ஒரு படி மேல, மே மாசம் பொறந்தப்புறம்தான் அங்க கணக்கே ஆரம்பிச்சுது. "நோயே இல்லாத ஊர்ல எதுக்குய்யா சந்தையை மூடறீங்க?"ன்னு வீட்டுக்குள்ள உக்காந்து புலம்பாத நாளில்ல.

புலம்பின நேரம் போக மிச்ச நேரத்துல, இந்த உத்தரவெல்லாம் எந்தச் சட்டத்துல போடறாங்கன்னு தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டினா வந்தது 1897!

1896-ல பம்பாய்ல பிளேக் வந்துச்சு. மறு வருஷம் பிப்ரவரியில கொள்ளைநோய்ச் சட்டம். ரெண்டே பக்கத்துல அடங்கற சின்னச் சட்டம், ஆனா அதிகாரம் பெருசு. ரயில்ல வர்றவனை இறக்கிப் பரிசோதிக்கலாம், பிரிச்சு வைக்கலாம். அந்த வருஷம் பம்பாய்லேர்ந்து ஹஜ் பயணத்தையே நிறுத்தினாங்க. புனேயில வீடு வீடா நுழைஞ்சு சோதனை போட்ட ஆத்திரத்துல, பிளேக் கமிஷனர் ராண்டை 1897 ஜூன்ல சுட்டாங்க. நம்ம மெட்ராஸ் மாகாணத்துல 'பிளேக் பாஸ்போர்ட்'னு ஒண்ணு. நோய் இருக்கற ஊர்லேர்ந்து வர்றவங்க கையில அதைக் கொடுத்துடுவாங்க. போய்ச் சேர்ந்த ஊர்ல தினமும் அதிகாரி முன்னாடி போய் நின்னு "நல்லாத்தான் இருக்கேன்"னு முகத்தைக் காட்டணும்.

இங்க எங்க ஊர் வருது. 1898 ஆகஸ்ட்ல பிளேக் ரயிலேறி பெங்களூருக்கு வந்துச்சு. பசவனகுடி, மல்லேஸ்வரம்னு காத்தோட்டமான புதுப் பேட்டைகளை அந்த ஊர் கட்டினதே அதுக்கப்புறம்தான். பெங்களூர்லேர்ந்து ஓசூர் எத்தனை தூரம்? அப்ப தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் சேலம் ஜில்லா. (1965-லதான் தருமபுரி தனி மாவட்டம் ஆச்சு, 2004-ல கிருஷ்ணகிரி பிரிஞ்சு போச்சு.) ஓசூர்ப் பக்கம் பிளேக் இறங்கிடுச்சு. இறங்கினது சீக்கிரம் ஏறல. தமிழ்நாடு, கர்நாடகா, ஆந்திரா மூணும் சேர்ற இந்தக் காட்டு மேட்டுல எலிகளுக்குள்ள அது ரொம்ப வருஷம் தங்கியிருந்துச்சு. 1966-ல கோலார் மாவட்டத்து முல்பாகல் பக்கம் வந்ததுக்கு அப்புறம் 1994 வரைக்கும் இந்தியாவுல மனுஷங்களுக்குப் பிளேக் பதிவாகல. எலி பிடிச்சு, அது மேல இருக்கற தெள்ளுப்பூச்சியைப் பார்க்கறதுக்குன்னே ஓசூர்ல அரசாங்கம் ஒரு நிறுவனம் வச்சிருந்துச்சுன்னா பாத்துக்கங்க.

அந்தத் தெள்ளுப்பூச்சிலதான் விஷயமே இருக்கு. பிளேக்கை எலிகிட்டேர்ந்து மனுஷனுக்குக் கொண்டு வர்றது அதுதான்னு சிமோங்கிற பிரெஞ்சு டாக்டர் 1898-லயே சொல்லிட்டார். யாரும் சட்டை பண்ணல. ஆராய்ச்சிக் கமிஷன் போட்டு அதை ஒத்துக்கறதுக்கு ஏழெட்டு வருஷம் ஆச்சு. அதுவரைக்கும் மனுஷனை நிறுத்தி அக்குளைத் தடவிப் பார்த்தாங்க. எலியும் தெள்ளுப்பூச்சியும் ஒளிஞ்சிருந்த தானிய மூட்டை பாட்டுக்கு வண்டியேறி ஊர் ஊராப் போச்சு. அன்னிக்குக் கூட்டத்தைக் கலைச்சதுல பெரும்பாலும் பிரயோஜனமில்ல. ஜனங்க கோவப்பட்டதுல நியாயம் இருந்துச்சு.

கொரோனா அப்படி இல்லையே. அது மூச்சு வழியா மனுஷன்கிட்டேர்ந்து மனுஷனுக்குப் போறது. மண்டபத்துக்குள்ள ஜன்னலை அடைச்சுக்கிட்டு, ஒரே லென்ஸை நாலு பேர் மாத்தி மாத்திக் கண்ணுல வச்சு, தலையோட தலை முட்டக் காசு பார்க்கற கூட்டம் எங்களது! அதுலயும் பாதிப்பேர் அறுபதைத் தாண்டினவங்க. டீலர்கள் வர்றது பெங்களூர், சேலம், கோயம்புத்தூர்னு எல்லாப் பக்கத்துலேர்ந்தும். பெங்களூர் - சேலம் ரோடு எங்களுக்குத் திப்பு காசையும் கொண்டு வரும், காய்ச்சலையும் கொண்டு வரும். பூஜ்யம்னு நான் பெருமைப்பட்டது ஒரு லாரி வந்து நிக்கற வரைக்கும்தான். ஆக 1897-ல தப்பாப் பாய்ஞ்ச அதே சட்டம், 2020-ல சரியாத்தான் பாய்ஞ்சிருக்கு. இதை ஒத்துக்க எனக்கு ஒரு வருஷம் பிடிச்சுது.

எங்க கண்காட்சி மட்டுமா நின்னுச்சு? லண்டன்ல பத்து வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கற உலக ஸ்டாம்ப் கண்காட்சி 2020 மே மாசம் நடக்கணும், 2022 பிப்ரவரிக்குப் போயிடுச்சு. வேடிக்கை என்னன்னா, கொள்ளைநோய்க் காலத்துல ஐரோப்பாவுல கத்தியால கீறி, புகை போட்டு, வினிகர்ல நனைச்சு அனுப்பின கடுதாசிகளைத் தேடித்தேடிச் சேர்க்கறவங்க ஸ்டாம்ப் உலகத்துல ஒரு தனிக்கூட்டமே இருக்காங்க. இங்க மதுரையில 2020-ல அழகர் ஆத்துல இறங்கல. ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல்ல ஜனங்களை விடல. சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை விட்டுட்டு 2021-லயும் 2022-லயும் பிப்ரவரிக்கு நகர்ந்துச்சு.

திருவிழா மறு வருஷமோ அதுக்கு மறு வருஷமோ வந்துடும். எங்களை மாதிரி சின்னக் கூட்டம் திரும்பி வரும்போது பழைய மாதிரி வர்றதில்ல. அந்த ரெண்டு வருஷத்துல வியாபாரம் முழுக்க வாட்ஸ்அப்புக்குப் போயிடுச்சு. படத்துல காசு பளபளன்னு இருக்கும். வார்ப்புல செஞ்ச போலின்னா ஓரத்துல ஒரு கோடு ஓடும், மேல பொடிப்பொடியாக் குழி இருக்கும், எடை ஒத்து வராது. இதெல்லாம் கையில வாங்கித் திருப்பினாத்தான் தெரியும். புதுசா வந்த பசங்க எத்தனை பேர் ஏமாந்தாங்கன்னு எனக்குத் தெரியும் (நானும் ஒரு தடவை ஏமாந்தேன், எவ்வளவுன்னு கேக்காதீங்க).

எனக்கு அதைக் கத்துக் குடுத்தவர் சேலத்துல ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார். டேபிள்ல விக்கறதைவிடப் பேசறதுதான் ஜாஸ்தி. எந்தக் காசு கைக்கு வந்தாலும் எடை, விட்டம், எங்க கிடைச்சுதுங்கற விவரம், எல்லாத்தையும் ஒரு நீள நோட்டுல எழுதுவார். தருமபுரிப் பக்கம் கிடைச்ச காசுங்களுக்கு மட்டும் தனியா ஒரு நோட்டு. அந்த மார்ச் கண்காட்சிக்கு அதை எடுத்துட்டு வர்றேன், ஜெராக்ஸ் போட்டுக்கன்னு சொல்லியிருந்தார்.

2021 மே மாசம், ரெண்டாவது அலையில போயிட்டார். ஊரடங்கு, போய்ப் பார்க்க முடியல. 2022-ல கண்காட்சி மறுபடி ஆரம்பிச்சப்ப அவர் போடற மூலை டேபிள்ல வேற ஒருத்தர் பிளாஸ்டிக் கவர்ல வெளிநாட்டு நோட்டு வித்துக்கிட்டிருந்தார். அப்புறம் ஒரு நாள் வாத்தியார் வீட்டுக்குப் போனேன். காசையெல்லாம் ஒரு டீலர் மொத்தமா வாங்கிட்டுப் போயிட்டாராம். நோட்டைப் பத்திக் கேட்டேன்.

"பழைய பேப்பரோட போட்டாச்சுங்களே, அதுல ஏதாவது இருந்துச்சுங்களா?"ன்னாங்க அந்தம்மா.