தலைக்கு மேலே போன கரண்டு

ஊரில் ஒரு வீட்டைக் கட்டிப் பூட்டிவைத்துவிட்டு இங்கே மெல்பர்னில் கடன் தவணைக்கு ஓடிக்கொண்டிருக்கும் நம்மவர்கள் நாலு பேர் கூடினால், இப்போதெல்லாம் தவறாமல் வரும் பேச்சு "ஊர் வீட்டு மாடியில சோலார் போட்டுடலாமா?" என்பதுதான். கொழிஞ்சாம்பாறைக்காரர் கேட்கிறார், பூப்பாறைக்காரர் கேட்கிறார். பேங்கில் குப்பை கொட்டுபவன் என்பதால் கணக்குப் போட என்னிடம் வருகிறார்கள். பி.காம். படித்தவனுக்கு வாட்டும் ஆம்பியரும் எங்கே தெரியும் என்று யாரும் யோசிப்பதில்லை :-)

கணக்குக்கு முன்னால் கொஞ்சம் சரித்திரம். நம் பாலக்காடு, இடுக்கி எல்லையில் கரண்டு யாருக்காக வந்தது என்று தெரிந்தால்தான் கூரையில் மாட்டும் பேனலின் அருமை புரியும்.

மூணாறில் கரண்டு ரொம்பப் பழசு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்ணன் தேவன் கம்பெனி சிறிய நீர்மின் நிலையம் வைத்துத் தேயிலை ஃபாக்டரிகளை ஓட்டியது. மதுரையில் இருந்தும் நெல்லையில் இருந்தும் வந்து கொழுந்து பறித்த நம் ஜனங்களின் லயங்களுக்கு அந்த வெளிச்சம் வர வெகுகாலம் ஆனது. ஒரு எஸ்டேட் லயத்தில் பிறந்த என் அம்மா மண்ணெண்ணெய் விளக்கில்தான் படித்தார். ஃபாக்டரி பல்பு வெளிச்சம் ஜன்னலில் தெரியும் என்பார்.

பிறகு 1940-ல் பள்ளிவாசல். திருவிதாங்கூர் அரசு முதிரப்புழை ஆற்றில் கட்டிய நிலையம், பின்னாளில் 37.5 மெகாவாட் வரை வளர்ந்தது. அந்தக் கரண்டு முக்கியமாகப் போனது எங்கே? மலை இறங்கி, ஆலுவாப் பக்கத்து அலுமினிய ஆலைக்கும் உரத் தொழிற்சாலைக்கும் சமவெளி ஊர்களுக்கும். தேக்கடித் தண்ணீர் குகை வழியாக இந்தப் பக்கம் வந்து, 1950-களின் இறுதியில் இருந்து லோயர் கேம்ப்பில் தமிழ்நாட்டுக்கு மின்சாரம் தருகிறது. 1886 குத்தகை பாசனத்துக்கானது. மின்சாரத்துக்கு முறையான ஒப்பந்தம் 1970-ல்தான் கையெழுத்தானது. 1976 பிப்ரவரி 12-ஆம் தேதி இந்திரா காந்தி இடுக்கித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மூலமற்றத்தில் பூமிக்கு அடியில் இருக்கும் அந்த நிலையத்தின் திறன் 780 மெகாவாட்.

ஆக, தண்ணீர் நம் மலையுடையது. டவர் நம் ஏலக்காட்டில் நிற்கிறது. கரண்டு தலைக்கு மேலே ஊர் தாண்டிப் போனது. கேரளம் எல்லா வீட்டுக்கும் இணைப்பு கொடுத்தாயிற்று என்று அறிவித்தது 2017 மே மாதம். பள்ளிவாசலுக்கும் அதற்கும் இடையில் 77 வருஷம்.

மலை ஜனங்கள் சும்மா காத்திருக்கவில்லை. இடுக்கி உள்காடுகளில் குடியேறியவர்கள் ஓடையில் சின்ன டர்பைன் வைத்து, நாலு பல்பு எரியும் அளவுக்குத் தாங்களே கரண்டு எடுத்தார்கள். மூணாறுக்குப் பக்கத்து மாங்குளம் பஞ்சாயத்து, ஐ.நா.வின் யூனிடோ அமைப்பு உதவியோடு 110 கிலோவாட் நிலையமே வைத்தது. பாலக்காடு மாவட்டப் பஞ்சாயத்து 2014-ல் மீன்வல்லத்தில் 3 மெகாவாட் நீர்மின் நிலையத்தை ஓடவிட்டது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பிக் கஞ்சிக்கோட்டில் 225 கிலோவாட் காற்றாலைகள் ஒன்பது 1990-களிலேயே நின்றன.

ஆனால் ஓடை வேண்டும், காற்று வேண்டும், பஞ்சாயத்து வேண்டும். தனி வீட்டுக்குத் தோதானது வெயில்தான். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1954-ல் காட்டிய சிலிக்கான் செல், விழுந்த வெயிலில் 6 சதவீதத்தை மின்சாரமாக்கியது. இன்று கடையில் கிடைக்கும் பேனல் 20 சதவீதத்தைத் தாண்டும். கேரளத்தில் அனெர்ட் நிறுவனம் 2012 வாக்கில் 10,000 கூரைத் திட்டம் கொண்டுவந்தது. வீட்டுக்கு 1 கிலோவாட், பேட்டரியோடு. 2024 பிப்ரவரியில் மத்திய அரசின் சூரிய வீடு திட்டம் வந்தது: 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-க்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம்.

நிற்க. "நாமே மாட்டிக்கொள்ளலாமா?" என்ற கேள்விக்கு வருகிறேன்.

இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, வாரியத்தோடு சேராதது. ரெண்டு பேனல், சார்ஜ் கன்ட்ரோலர், பேட்டரி, இன்வெர்ட்டர். கைவேலை தெரிந்தவர் தோட்டத்துக் குடிசைக்கு இதைத் தானே மாட்டிக்கொள்ளலாம். ஆனால் வெயில் இருக்கும்வரை பேனலை ஆஃப் செய்ய முடியாது என்பதை மறக்கக் கூடாது. ஃபியூஸ், எர்த், இடிதாங்கி மூன்றும் கட்டாயம். இடுக்கி இடியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, வாரியத்தின் லைனோடு சேர்ந்தது. இதில் கை வைக்காதீர்கள். அங்கீகாரம் பெற்ற நிறுவனம் மாட்டினால்தான் மானியம், வாரியம் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் மீட்டர். 40 லட்சம் கூரைகளுக்கு மேல் பேனல் போட்டிருக்கும் ஆஸ்திரேலியாவிலும் இதே கதைதான், லைசென்ஸ் இல்லாமல் தொட முடியாது.

இந்த இரண்டாவது வகை எனக்குச் சுலபமாகப் புரிந்தது, ஏனென்றால் இது பேங்க் கணக்கேதான். பகலில் மிஞ்சியதை லைனில் போடுகிறோம், வரவு. இரவில் எடுக்கிறோம், பற்று. மீட்டர்தான் பாஸ்புக். 1 கிலோவாட் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும் என்பது பொதுக் கணக்கு. 3 கிலோவாட் என்றால் மாதம் 350 சொச்சம். சித்தூர், கொழிஞ்சாம்பாறை வெயிலுக்கு இது சரிவரும். பூப்பாறையில் ஆடி மாதப் பனிமூட்டத்தையும் கிழக்குச் சரிவையும் சில்வர் ஓக் நிழலையும் கழித்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது. பூட்டிக் கிடக்கும் வீட்டில் செலவு இல்லை, ஆகவே எல்லாமே வரவு. ஆனால் வருஷக் கடைசியில் மிச்ச யூனிட்டுக்கு வாரியம் தரும் விலை, நாம் வாங்கும் விலையைவிடக் குறைவு. வட்டியில்லாத கரண்ட் அக்கவுண்ட்டில் லட்சங்களைத் தூங்கவிடுகிற மாதிரி! அப்பா அம்மா குடியிருக்கும் வீடா, போடுங்கள். பூட்டிய வீடா, பொறுங்கள். இந்த மீட்டர் விதிகளும் அடிக்கடி மாறுகின்றன. பணம் கட்டும் அன்றைக்கு என்ன விதி என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

இன்னொரு விஷயம் நிறையப் பேருக்குத் தெரியாது. வாரிய லைன் போனால், பேட்டரி இல்லாத சோலாரும் நின்றுவிடும். லைனில் ஏறி வேலை செய்யும் ஆளுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. மழைக்காலத்தில் மரம் விழுந்து நாள் கணக்கில் கரண்டு போகும் மலையில், நல்ல வெயில் அடித்தாலும் வீடு இருட்டாகத்தான் இருக்கும். அதனால் இடுக்கிப் பக்கம் போடுகிறவர்கள் கொஞ்சம் கூடுதல் செலவானாலும் பேட்டரியோடு போடுவது நல்லது. சமவெளியில் அது அவ்வளவு அவசியமில்லை.

மலையில் கரண்டு போவது என்றால் என்ன என்பதற்குப் பெட்டிமுடியைவிட வேறு சாட்சி வேண்டாம். 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர். பெரும்பாலும் கயத்தாறுப் பக்கத்துப் பூர்வீகம் கொண்ட நம் தமிழ்க் குடும்பங்கள். கரண்டும் இல்லை, போனும் இல்லை, ரோடும் இல்லை. வெளி உலகுக்குச் சேதி போனது மறுநாள் காலையில்தான். சோலார் இருந்திருந்தால் மலை நின்றிருக்காது. ஆனால் அந்த இரவில் ஒரு போன் போயிருந்தால் என்ற நினைப்பை என்னால் விட முடியவில்லை.

லயத்தின் கூரை அதில் குடியிருப்பவருக்குச் சொந்தமில்லை. 78,000 ரூபாய் மானியம் கூரை உள்ளவருக்குத்தான். நான்கு தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர் விண்ணப்பமே போட முடியாது. ஊருக்கு நன்கொடை அனுப்பும் நம் சங்கங்களிடம் ஒன்று கேட்கிறேன்: இந்த வருஷம் கோயில் கோபுரத்துக்குச் சீரியல் செட் போடும் பணத்தில், ஒரு எஸ்டேட் அங்கன்வாடிக்குப் பேட்டரியோடு 1 கிலோவாட் போட்டுத் தரலாம். அனுமதிக்கு எஸ்டேட்டிடமும் பஞ்சாயத்திடமும் அலைய வேண்டியிருக்கும். மழை ராத்திரியில் பத்துப் பேர் போனுக்குச் சார்ஜ் ஏறும். கணக்கு எழுதும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.