தர்மராஜ ரதத்தின் மேல்தளக் கருவறை

செங்கல்பட்டு மாவட்டம் மாமல்லபுரத்தில், ஐந்து ரதங்களின் தென்கோடியில் நிற்கும் ஒற்றைக்கல் கோயில் தர்மராஜ ரதம். ஐந்திலும் உயரமானது இதுவே. ஏறத்தாழ 35 அடி. மேற்கு நோக்கிய இக்கோயில் தேர் அன்று, பாறையில் வடித்த விமானம். பாண்டவர் பெயர் பிற்கால மக்கள் வழக்கு. பல்லவர் காலத்தில் தொடங்கிய பணி பாதியில் நின்றது: தரைத்தளத்தின் உட்புறம் குடையப்படவே இல்லை. ஆனால் மூன்றாம் தளத்தில் சிறிய கருவறை ஒன்று சிற்பத்தோடு முழுமை பெற்றிருக்கிறது.

அதன் பின்சுவரில் இருப்பது சோமாஸ்கந்தர்: சிவன், உமை, குழந்தை கந்தன் மூவரும் சேர்ந்த வடிவம். இவ்வகைச் சிற்பங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்றாக ஆய்வாளர் இதைக் கொள்வர். பின்னர் கடற்கரைக் கோயிலிலும் காஞ்சி கைலாசநாதர் கோயிலிலும் இவ்வடிவமே கருவறைச் சுவரில் இடம்பெற்றது. தரையில் நின்று அண்ணாந்து பார்ப்பவர் கண்ணுக்கு இது எட்டாது. பார்வையாளர்களை மேலே ஏற விடுவதுமில்லை. பல்லவக் கலையின் முக்கியமான ஒரு படைப்பைப் பெரும்பாலோர் படத்தில் மட்டுமே கண்டிருக்கிறார்கள்.

உச்சி முடிந்து அடி முடியாமல் போனதற்குக் காரணம் வேலை முறை. செங்கல் கட்டடம் கீழிருந்து எழும். ஒற்றைக்கல் கோயிலோ உச்சியிலிருந்து இறங்கும். மேலே செதுக்கியதைக் கீழுள்ள பாறை தாங்கி நிற்க, சாரமும் அதிகம் தேவைப்படாது. உள்ளே குடையும் விதத்தை ஊரிலுள்ள முற்றுப்பெறாத குடைவரைகளில் இன்றும் காணலாம்: சுவரில் குறுக்கும் நெடுக்குமாகப் பள்ளம் வெட்டி, இடையே புடைத்து நிற்கும் சதுரக் கட்டிகளை உளியால் தட்டி எடுத்திருக்கிறார்கள். தட்டப்படாத கட்டிகள் வரிசையாக அப்படியே நிற்கின்றன. தர்மராஜ ரதத்தில் கை கீழ்த்தளத்தின் உட்புறத்துக்கு வருமுன்பே உளி ஓய்ந்துவிட்டது.

இது எவர் காலத்துக் கோயில் என்பதுதான் தீராத வழக்கு. ரதத்தின் சுவர்களில் அரசனின் விருதுப்பெயர்கள் பல்லவ கிரந்தத்தில் உள்ளன; அவற்றுள் நரசிம்மன் என்பதும் ஒன்று. மூன்றாம் தளக் கல்வெட்டோ கோயிலை 'அத்யந்தகாம பல்லவேஸ்வர கிருஹம்' என்கிறது. இவற்றை 1890இல் பதிப்பித்த கல்வெட்டறிஞர் ஹூல்ட்ஸ், இந்தப் பெயர் பொறித்த எழுத்து மற்றவற்றினும் பிந்தியது என்றார். அதன்படி மாமல்லன் என்னும் முதலாம் நரசிம்மவர்மன் தொடங்கிய கோயிலுக்குப் பின்வந்தவன் ஒருவன் தன் பெயரைச் சூட்டினான். அவனை முதலாம் பரமேஸ்வரவர்மன் என்பார் உண்டு. அத்யந்தகாமன் என்ற விருது இரண்டாம் நரசிம்மவர்மனாகிய இராஜசிம்மனுக்கும் உரியது. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி 1962இல் மாமல்லபுரச் சின்னங்கள் அனைத்தையுமே இராஜசிம்மன் காலத்தவை என்று வாதிட்டார். இக்கருத்தைப் பலர் ஏற்கவில்லை. அனைத்தையும் ஒரே மன்னன் எழுப்பினான் எனில், குடைவரையும் ஒற்றைக்கல்லும் கட்டுமானமும் படிப்படியாக வளர்ந்த வரலாறாக அல்லாமல் ஒரே தலைமுறையின் சோதனைகளாகிவிடும். வழக்கின் கனம் அங்கேதான் இருக்கிறது.

பணி ஏன் நின்றது என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. அரசன் இறந்ததாலோ போர் மூண்டதாலோ இருக்கலாம். முற்றுப்பெறாவிட்டாலும், 1984 முதல் இந்த ரதம் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னத் தொகுதியில் அடங்குகிறது.