பெரட்டுக்களத்தில் விழாத பேர்

1988 ஆகஸ்டில் இலங்கைப் பொது நிர்வாக அமைச்சு 27/88 இலக்கச் சுற்றறிக்கையை வெளியிட்டது. அரச, கூட்டுத்தாபன வேலைவாய்ப்புகளில் 3 வீதம் வலது குறைந்தோருக்கு என்றது அது. அதனை ஹல்துமுல்லைத் தோட்டப்புறத்திலிருந்து வாசித்துப் பார்க்க வேண்டும். 1948இல் பறிபோன குடியுரிமை அன்றும் பலருக்குத் திரும்பியிருக்கவில்லை. அவர்களுக்கு அரச உத்தியோகம் ஏது? குடியுரிமை பெற்றிருந்தாலும், பதவிக்குரிய தகைமை வேண்டும் என்றது சுற்றறிக்கை. தோட்டப் பாடசாலைகளையே அரசு 1970களில்தான் பொறுப்பேற்கத் தொடங்கியது. அங்கே மனவளர்ச்சி குன்றிய பிள்ளை எந்தச் சான்றிதழைப் பெறும்? கால் ஊனமுற்ற பட்டதாரிக்குப் பயன்படக்கூடிய விதி, இவர்களைத் தொடவேயில்லை என்பது என் கணிப்பு.

எஞ்சியது மலைதான். (1992 வரை தோட்டங்களும் அரச கூட்டுத்தாபனங்களின் கையில்தான் இருந்தன என்பது வேடிக்கை.) அங்கோ கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். மெதுவாகப் பறிக்கும் கைக்குக் கங்காணி இரக்கம் காட்டினாலும் தராசு காட்டாது.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், ஆட்சேர்ப்பில் பாகுபாடு கூடாது என்றது. பதுளை மாவட்டத்திலேயே, கெட்டவலவில், சமூக சேவைகள் திணைக்களத்தின் தொழிற்பயிற்சி நிலையம் உண்டு. லயத்துப் பிள்ளை அங்கே போவதற்கு, முதலில் பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரின் மேசைக்கு ஒரு விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும்.