கதவை மறந்த சிறை: சிஎச்ரூட் முதல் ரன்சி வரை

கன்டெய்னரின் வரலாற்றை 2013இல், டாக்கரிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. அதன் பலவீனத்தின் வரலாறோ 1979இல் தொடங்குகிறது. அவ்வாண்டு வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் சிஎச்ரூட் என்னும் அழைப்பு இடம்பெற்றது. கோப்பு மரத்தின் ஒரு கிளையையே வேர் என நிரலுக்குக் காட்டுவது அதன் பணி. காட்டுவது மட்டுமே, காப்பது அன்று. நிரல் அப்போது நின்றுகொண்டிருக்கும் கோப்புறையை அது மாற்றுவதில்லை. ஆகவே ரூட் அதிகாரம் உடைய நிரல், ஒரு காலைப் புதிய வேருக்கு வெளியே வைத்துக்கொண்டு, படிப்படியாக மேலேறி உண்மையான வேரை அடைந்துவிடலாம். இருந்தும் 1991இல் பெல் ஆய்வகத்தின் பில் செஸ்விக், ஊடுருவ முயன்ற ஒருவனை வேவு பார்க்க இதைக் கொண்டே ஒரு போலிச் சிறை கட்டினார்.

ரூட்டையே அடைத்துவைக்க முனைந்தது 2000இல் வந்த ஃப்ரீபிஎஸ்டி 4.0. பவுல்-ஹென்னிங் காம்ப் அதற்கு ஜெயில் என்றே பெயரிட்டார். லினக்ஸில் இத்தகைய ஒற்றைத் திட்டம் இருந்ததில்லை. 2002இல் முதல் நேம்ஸ்பேஸ் வந்தது. இரண்டாவது ஒன்று வரக்கூடும் என்று எவரும் எண்ணவில்லை போலும். அதன் குறியீட்டுக்கு வெறுமனே 'புதிய நேம்ஸ்பேஸ்' என்று பெயர் வைத்துவிட்டனர்! 2008இல் சிகுரூப், 2013இல் முழுமை பெற்ற பயனர் நேம்ஸ்பேஸ் எனத் துண்டு துண்டாக வந்தவற்றை டாக்கர் எளிமையாக ஒட்டித் தந்தது. மெய்நிகர் கணினிக்குத் தனிக் கெர்னல் உண்டு. கன்டெய்னர்கள் அனைத்தும் புரவலரின் ஒரே கெர்னலைப் பகிர்கின்றன. 2014இல் வெளியான ஒரு நிரல், கன்டெய்னருக்குள்ளிருந்தே புரவலரின் கோப்புகளைப் படித்துக் காட்டியது. தடுக்க வேண்டிய அதிகாரங்களைப் பட்டியலிட்டிருந்த டாக்கர், அதற்குச் சற்று முன்னரே அனுமதிக்க வேண்டியவற்றைப் பட்டியலிடும் முறைக்கு மாறியிருந்தது.

2019 பிப்ரவரியில் வெளியான ரன்சி குறைபாடு இன்னும் நுட்பமானது. கன்டெய்னரைத் தொடங்கிவைக்கும் ரன்சி அதனுள் நுழையும் கணத்தில், தீய கன்டெய்னர் அதைத் தன்னைத் தானே இயக்கும்படி ஏமாற்றுகிறது. அவ்வழியே புரவலரிலுள்ள ரன்சி கோப்பைப் பிடித்து, அதன்மேல் தன் நிரலை எழுதிவிடுகிறது. அடுத்த முறை நிர்வாகி ரன்சியை இயக்கும்போது தாக்குபவன் புரவலரின் ரூட் ஆகிறான். தன் நகலொன்றை நினைவகத்தில் முத்திரையிட்டு, அதைக் கொண்டே உள்ளே நுழைவது என்பது ரன்சி கண்ட தீர்வு. ஆனால் பயனர் நேம்ஸ்பேஸை முறையாகப் பயன்படுத்திய இடங்களில் இத்தாக்குதல் பலிக்கவில்லை. டாக்கரில் அவ்வசதி 2016 முதலே இருந்தது. இயல்பமைவாக மட்டும் இல்லை. என் நோக்கில், அந்த ஒரு தேர்வு குறியீட்டுப் பிழையினும் பெரிய பிழை.

2024 ஜனவரியில் ரன்சியில் மீண்டும் ஓர் ஓட்டை. புரவலரின் கோப்புறையொன்றைச் சுட்டும் இணைப்பை மூட மறந்திருந்தனர். அதனால் கன்டெய்னரின் நிரல் புரவலரின் கோப்பு மரத்தில் நின்றபடியே தொடங்க முடிந்தது. ஒரு கால் வெளியே, அங்கிருந்து மேலே.