ராம இளவரசன்: ஜப்பானியர் வரைந்த அயோத்தி வீரன்

ராம இளவரசன், 1992-ல் முடிக்கப்பட்ட ‘ராமாயணம்: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’ என்ற இந்திய, ஜப்பானியக் கூட்டு அனிமேஷன் படத்தின் நாயகன். வால்மீகியின் ராமனே மூலம். ஜப்பானில் படத்துக்கு ‘ராமா ஓஜி தென்செட்சு’ என்று பெயர். 135 நிமிடம் ஓடும். யுகோ சாகோ, கோய்ச்சி சசாகி, ராம் மோகன் ஆகிய மூவர் இயக்கினார்கள். அதிகம் பேசாத, வெற்றியிலும் இழப்பிலும் முகம் மாறாத வீரன் ஜப்பானிய அனிமேஷனுக்குப் புதியவன் அல்லன். ஆனால் கோடிக்கணக்கானோர் தினமும் கும்பிடும் ஒருவனை அந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்துவது வேறு சங்கதி. பாத்திரத்தின் வரலாறு பெரும்பாலும் அந்தச் சிக்கலின் வரலாறுதான்.

ராமகதை ஜப்பானுக்கு இந்தப் படத்தோடு போகவில்லை. பௌத்தக் கதைகளோடு சீனம் வழியாக எப்போதோ போய்விட்டது. 12-ஆம் நூற்றாண்டில் தைரா நோ யசுயோரி தொகுத்த ‘ஹோபுட்சுஷூ’வில் ராமன் என்ற பெயரே இல்லாமல் ராமன் கதை இருக்கிறது. பகைவன் படையெடுத்து வருகிறான்; போரிட்டால் உயிர்கள் போகும் என்று அரசன் நாட்டைத் துறந்து மனைவியோடு மலைக்குப் போகிறான். அங்கே நாக அரசன் அந்தணர் வேடத்தில் வந்து அவளைக் கவர்ந்து செல்கிறான். தடுக்கப் பார்த்த பறவை அடிபட்டு விழுகிறது. குரங்குகள் துணைக்கு வருகின்றன, கடலுக்குப் பாலம் கட்டுகின்றன. ஜடாயுவும் சேதுவும் அடையாளம் தெரிகிற அளவுக்கு அப்படியே இருக்கின்றன. கைகேயியைத்தான் காணோம். ஆகவே அந்த அரசன் காட்டுக்குப் போவது தந்தை சொல்லுக்காக அல்ல, கொல்லக் கூடாது என்பதற்காக. அடக்கமே வீரம் என்ற பௌத்தத் திருப்பம் இது.

சாகோ ஆவணப்பட இயக்குநர். அலகாபாத் அருகே தொல்லியலாளர் பி. பி. லால் நடத்திய அகழாய்வைப் பற்றி ‘தி ராமாயணா ரெலிக்ஸ்’ என்ற படம் எடுக்க 1983-ல் இந்தியா வந்தார். லால் அந்த ஆண்டுகளில் அந்தப் பக்கம் தோண்டிய ஊர் சிருங்கவேரபுரம், நம் குகனுடைய ஊர். அங்கே வந்த இடத்தில்தான் ராமாயணம் சாகோவைப் பிடித்துக்கொண்டது. ஊருக்குத் திரும்பி ஜப்பானிய மொழியில் கிடைத்த பத்து ராமாயணங்களைப் படித்தார். ராமன் தெய்வம், தெய்வத்தை ஒரு நடிகர் ஏற்பதைவிட ஓவியத்தில் காட்டுவதே பொருத்தம் என்பது அவர் வாதம். நம் ஊரில் ராமன் வேடம் போட்டவர்களுக்கு மக்கள் தேங்காய் உடைத்ததை நினைத்துப் பார்த்தால், அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை.

அந்த வாதம் இங்கே உடனே எடுபடவில்லை. ஆவணப்பட வேலை நடந்தபோதே, சாகோ ராமாயணத்தையே படமாக்கப் போகிறார் என்பதுபோல் ஒரு நாளிதழில் தவறாகச் செய்தி வந்திருந்தது. இது இந்தியாவின் தேசியச் சொத்து, வெளிநாட்டார் இஷ்டத்துக்கு எடுக்கக் கூடாது என்று விசுவ இந்து பரிஷத் ஜப்பானியத் தூதரகத்துக்குக் கடிதம் எழுதியது. அந்த மனக்கசப்பு பேசித் தீர்ந்தது. பிறகு உண்மையாகவே படம் எடுக்கலாம் என்று சாகோ வந்து நின்றபோது, அரசுத் தரப்பு கூட்டுத் தயாரிப்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ராமனைக் கார்ட்டூனாகப் போடுவதா என்ற தயக்கம். வேலை ஜப்பானிலேயே நடந்தது. அதற்கென்று நிப்பான் ராமாயணா ஃபிலிம் கம்பெனி என்ற நிறுவனம் உருவானது. செலவு 80 கோடி யென்.

இந்தியத் தரப்பில் படத்துக்குத் தூணாக நின்றவர் ராம் மோகன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றுப் பம்பாய்க்கு மேற்படிப்புக்குப் போனவர், அதை விட்டுவிட்டு 1956-ல் ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தார். அங்கே பயிற்சி கொடுத்தவர் டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ். கல்கத்தாவின் பெரிய இயக்குநர்கள் இருவருக்கும் கார்ட்டூன் தேவைப்பட்டபோது ராம் மோகனைத்தான் அழைத்தார்கள். மிருணாள் சென்னின் ‘புவன் ஷோம்’ ஒன்று. சத்யஜித் ராயின் ‘ஷத்ரஞ்ச் கே கிலாடி’ (1977) இன்னொன்று. ராயின் படத்தில் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபு சமஸ்தானங்களைச் செர்ரிப் பழங்களாக ஒவ்வொன்றாய் வாயில் போட்டுக்கொள்ளும் காட்சி பார்த்தவர்களுக்கு மறக்காது.

அந்தச் செர்ரிகளில் கடைசியாக விழுந்தது அவத். அயோத்தி இருக்கும் நாடு அதுதான். அதன் நவாப் வாஜித் அலி ஷா 1856 பிப்ரவரியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்தார். ஆனால் படை திரட்டவும் இல்லை. தலைப்பாகையைக் கழற்றி ரெசிடென்ட் அவுட்ராமிடம் கொடுத்துவிட்டு லக்னோவை விட்டுக் கிளம்பினார். லண்டன் போய் முறையிடும் எண்ணத்தோடு கல்கத்தா வந்தவருக்கு உடல் ஒத்துழைக்கவில்லை. சிப்பாய்க் கிளர்ச்சிக் காலத்தில் வில்லியம் கோட்டையில் அடைபட்டிருந்தார். மற்றபடி அவர் காலம் ஹூக்ளிக் கரையில் கார்டன் ரீச்சில், மட்டியாபுருஜில் கழிந்தது. அங்கேயே பாட்டு, நடனம், மிருகக்காட்சி சாலை என்று ஒரு சின்ன லக்னோவைக் கட்டிக்கொண்டார். 1887-ல் இறந்து அங்குள்ள சிப்தைனாபாத் இமாம்பாராவில் அடக்கமானார். ராமனுக்கு வனவாசம் பதினான்கு ஆண்டு. அவத்தின் கடைசி அரசருக்கு முப்பத்தொன்று, திரும்புதல் இல்லை. அவத் பறிபோன கதைக்குக் கார்ட்டூன் வரைந்தவரே பதினைந்து ஆண்டு கழித்து அயோத்தியின் பழைய அரசனையும் திரைக்குக் கொண்டுவந்தார் என்பது தற்செயல்தான். என்றாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

1990-ல் தொடங்கிய தயாரிப்பில் சுமார் 450 கலைஞர்கள் வேலை செய்தார்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் செல் தாள்கள் கையால் வரையப்பட்டன. நேரத்தால் வகுத்தால் நொடிக்குப் பன்னிரண்டு வருகிறது. இந்தியர்கள் சொல்லிக் கொடுத்தவை சின்னச் சின்ன விஷயங்கள்: வேட்டியை எப்படிக் கட்டுவது, பெரியவர் ஆசி வழங்கும்போது பிள்ளை எப்படிக் குனிவது. போர்க்காட்சியில் ஆயிரம் அம்பு பறக்க விடுவது ஜப்பானியருக்குக் கைவந்த கலை. ஒரு மகன் தாயின் காலைத் தொட்டு எழும்போது முதுகு எப்படி வளையும் என்பதுதான் அவர்களுக்குப் பாடமானது. இசை வன்ராஜ் பாட்டியா. சமஸ்கிருதப் பாடல்களை வசந்த் தேவ் எழுதினார்.

பாத்திரத்தின் உயிர் முகத்தில் இருக்கிறது. கம்பனின் சீதை அசோகவனத்தில் ராமன் முகத்தை நினைக்கும்போது, முடி கிடைத்தபோதும் காடு விதித்தபோதும் அது மாறாமலே இருந்ததைச் சொல்லி, ஓவியத் தாமரைக்கு ஒப்பிடுகிறாள். ஓவியத் தாமரையை அசையும் படத்தில் வைப்பது எப்படி? ஜப்பானியரிடம் இதற்குக் கைவசம் ஒரு வழி இருந்தது. ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொடர் வந்த 1963 முதலே, செலவைச் சுருக்குவதற்காக முகத்தை அசையாமல் நிறுத்திவிட்டு இமையையும் முடியையும் மேலாடையையும் மட்டும் அசைய விடுவார்கள். கஞ்சத்தனத்தில் பிறந்த உத்திதான். ஆனால் அந்த நாட்டின் மௌன வீரர்களுக்கெல்லாம் கம்பீரம் தந்தது அதுவே. ராமனுக்கும் அது பொருந்திவிட்டது. சுற்றி அரக்கர்கள் உருமாறுகிறார்கள், கும்பகர்ணன் மலைபோல் எழுகிறான், குரங்குகள் துள்ளுகின்றன. நடுவில் ஒருவன் மட்டும் நிதானமாக நாண் ஏற்றுகிறான். அதே காலத்துத் தொலைக்காட்சி ராமாயணத்தின் (1987–88) மாறாத புன்னகையைவிட இந்த நிதானம் எனக்கு மேலாகப் படுகிறது.

குரல்கள் பல. ஆங்கிலத்தில் நிகில் கபூர். இந்தியில் தொலைக்காட்சி ராமன் அருண் கோவிலே. இந்தி ராவணனுக்கு அம்ரிஷ் புரி. ‘தி பிரின்ஸ் ஆஃப் லைட்’ என்ற அமெரிக்கப் பதிப்பில் ராமனாகப் பேசியவர் பின்னாளில் ‘பிரேக்கிங் பேட்’ தொடரால் புகழ்பெற்ற பிரையன் கிரான்ஸ்டன். கதைசொல்லி ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ்.

படம் வெளியான நேரம் சரியில்லை. பாபர் மசூதி இடிக்கப்பட்டது 1992 டிசம்பர் 6. இந்தியப் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் இது திரையிடப்பட்டது அடுத்த மாதம். அயோத்தி என்ற பெயரே பதற்றமாகிப் போன நாட்களில் திரையரங்க வெளியீடு நடக்காமல் போயிற்று. பிறகு கார்ட்டூன் நெட்வொர்க் மறுபடி மறுபடி ஒளிபரப்பியதால், விடுமுறை நாளில் வீட்டில் கிடந்த பிள்ளைகளின் படமாக அது ஆனது. இன்று முப்பது, நாற்பது வயதில் இருக்கும் பலருக்கு ராமன் என்றால் முதலில் வரும் முகம் இந்த ஜப்பானிய முகம்தான்.

சாகோ 2012-ல் காலமானார். ராம் மோகனுக்கு 2014-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2019-ல் அவரும் மறைந்தார். 4கே தரத்தில் புதுப்பிக்கப்பட்ட படம் 2025 ஜனவரி 24 அன்று தமிழ், தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளில் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது.