தொள்ளாயிரம் ஆண்டு கழித்துத் தைத்த மூன்று மீட்டர்

பதிவு கொஞ்சம் நீளம். சாப்பிட்டு முடித்துச் சாவகாசமாகப் படியுங்கள்.

பிரான்சின் வடக்கே, நார்மண்டி பகுதியில் பாயோ என்று ஒரு சிறிய ஊர். அந்த ஊரை உலகம் அறிந்து வைத்திருப்பது ஒரு துணியால். அகலம் அரை மீட்டர். நீளம் ஏறக்குறைய 70 மீட்டர். பன்னிரண்டு பதிமூன்று புடவைகளை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டிப் போட்டால் வரும் நீளம். 'பாயோ டேபஸ்ட்ரி' என்பார்கள். டேபஸ்ட்ரி என்றால் தறியிலேயே படத்தை நெய்வது. இது அப்படி இல்லை. லினன் துணியில் கம்பளி நூல் கோத்து ஊசியால் போட்ட எம்பிராய்டரி. தப்பான பெயர் ஒட்டிக்கொண்டது, இனி போகாது!

1066-ஆம் ஆண்டு உங்களில் சிலருக்காவது நினைவிருக்கும். இங்கிலாந்து மன்னர் எட்வர்ட் பிள்ளையில்லாமல் இறக்கிறார். ஹெரால்டு முடிசூடுகிறார். நார்மண்டியின் பிரபு வில்லியம், அந்த முடி தனக்கு வரவேண்டியது என்று கப்பல் கட்டிப் படையெடுத்து வந்து, ஹேஸ்டிங்ஸ் போரில் ஹெரால்டை வீழ்த்துகிறார். இந்தக் கதை முழுவதும் அந்தத் துணியில் படம் படமாக ஓடுகிறது. நடுவில் வால்நட்சத்திரத்தைச் சுட்டிக்காட்டி மிரண்டு நிற்கும் ஒரு கூட்டமும் உண்டு. 1986-ல் நாம் மொட்டை மாடியில் ஏறித் தேடினோமே, அதே ஹாலி வால்நட்சத்திரம்தான்.

தையல் தெரிந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. ஓரக் கோடுகளுக்கும் எழுத்துகளுக்கும் காம்புத் தையல். உள்ளே நிரப்புவதற்கு நூலை நெருக்கமாக நீட்டிப் பரப்பி, அதன்மேல் குறுக்கே நூல் போட்டு, அந்தக் குறுக்கு நூலை இடைவெளி விட்டுச் சின்னச் சின்னத் தையலால் பிடித்திருக்கிறார்கள். நூல் பெரும்பாலும் முன்பக்கத்திலேயே நிற்கும், பின்பக்கம் வீணாகாது. சிக்கனமான கைகள். சாயம் எல்லாம் செடிகளிலிருந்து எடுத்தது. நீலத்துக்கு அவர்கள் ஊர்ச் செடி ஒன்றின் இலை. நம் அவுரியில் இருக்கும் அதே நீலப் பொருள்தான் அதிலும் இருக்கிறது.

வில்லியத்தின் தாய்வழி அரைச் சகோதரரான பிஷப் ஓடோ சொல்லி, 1070-களில் இங்கிலாந்தில் இது தைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது பெரும்பாலான அறிஞர்கள் கருத்து. தைத்தவர்கள் பெண்கள் என்றும் சொல்கிறார்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. துணியில் அறுநூறுக்கு மேல் மனித உருவங்கள். நடுப்பட்டையில் பெண்கள் மூன்றே பேர்! போரை வென்றவர் பெயர் நிலைத்தது, தோற்றவர் பெயரும் நிலைத்தது. அத்தனை குதிரைக்கும் கால் போட்டவள் பெயர் மட்டும் காணோம்.

பிறகு துணியை உலகம் மறந்தது. 1476-ல் பாயோ தேவாலயத்தின் பொருள் பட்டியலில் ஒரு குறிப்பு வருகிறது. அறிஞர்கள் கண்ணில் பட்டு அச்சில் வந்தது 1729-ல்தான். 1792-ல், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், ராணுவ வண்டிக்கு மேல் போர்த்தும் படுதாவாகப் போக இருந்ததை உள்ளூர் வக்கீல் ஒருவர் தடுத்து மீட்டார். இத்தனைக்கும் தப்பி வந்த துணியில் கடைசிப் பகுதி இல்லை. தோற்ற படை ஓடுகிறது, கந்தலாக அங்கேயே நின்றுவிடுகிறது. வில்லியம் முடிசூடும் காட்சியைக் காணவில்லை.

1885-ல் இங்கிலாந்தின் லீக் நகரத்தில் எலிசபெத் வார்டில் என்ற அம்மையார் முப்பதுக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்துக்கொண்டு, முழுத் துணியையும் அப்படியே இன்னொரு முறை தைக்கத் தொடங்கினார். சுமார் ஓராண்டில் முடித்தும்விட்டார்கள். கம்பளி நூலுக்குச் சாயமேற்றித் தந்தவர் அவர் கணவர் தாமஸ் வார்டில். நம் நாட்டு டசர் பட்டில் சாயம் பிடிக்க வைக்கும் வழி கண்டவர் அவர். மூலத்துணியின் ஓரத்தில் சில ஆண்கள் நிர்வாணமாக இருப்பார்கள். லீக் பெண்களுக்குக் கிடைத்த மாதிரிப் படத்தில் யாரோ வெட்கப்பட்டு அவர்களுக்கு அரைக்கால்சட்டை மாட்டிவிட்டிருந்தார்கள், இவர்களும் அப்படியே தைத்துவிட்டார்கள். அது கிடக்கட்டும். எனக்குப் பிடித்தது வேறு. ஒவ்வொரு பெண்ணும் தான் தைத்த பகுதிக்குக் கீழே தன் பெயரையும் தைத்து வைத்தாள். மூலத்தில் இல்லாத ஒன்றை இந்த நகலில் சேர்த்தார்கள் என்றால், அது இதுதான்.

ஆனால் அவர்களும் கந்தல் முடிந்த இடத்திலேயே நிறுத்தினார்கள். முடிவைத் தைத்தவர்கள் ஆல்டர்னி தீவுக்காரர்கள். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே, சுமார் இரண்டாயிரம் பேர் வாழும் தீவு. 1066-ல் அது நார்மண்டி பிரபுவின் நிலம். 1204-ல் நார்மண்டி பிரான்ஸ் வசம் போன பிறகும் அந்தத் தீவுக் கூட்டம் மட்டும் இங்கிலாந்து அரசரிடமே தங்கிவிட்டது. 2012-ல் ஊர் நூலகத்தில் துணியை விரித்து வைத்தார்கள். வந்தவரெல்லாம் உட்கார்ந்து ஒரு தையலாவது போட்டார்கள். நானூறு பேருக்கு மேல். இன்றைய மன்னர் சார்லஸும் இளவரசராக வந்தபோது ஊசி பிடித்தார். 2013-ல் மூன்று மீட்டர் முடிந்தது. போர்க்களத்து விருந்து, பணிந்து வரும் பிரபுக்கள், 1066 கிறிஸ்துமஸ் அன்று நடந்த முடிசூட்டு, கட்டப்படும் லண்டன் கோபுரம். அடுத்த ஆண்டு பாயோவிலேயே காட்சிக்கு வைத்தார்கள்.

பழைய துணியில் அவர்கள் ஒரு தையல்கூடப் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். அதே நிறம், அதே தையல் முறை, ஆனால் தனித்துணி. எது அன்றையது, எது இன்றையது என்று யாரும் ஏமாற வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் அதுதான் நேர்மை.

போன மாதம் நம் குடும்பக் குழுவில் ஒரு மருமகள், காலமான தன் மாமியார் பாதியில் விட்ட மேசை விரிப்பின் படத்தைப் போட்டு, "முடிக்கலாமா, அப்படியே வைக்கலாமா சித்தி?" என்று கேட்டிருந்தாள். ஆளுக்கொரு பதில் சொன்னீர்கள். என் பதில்: முடி அம்மா. மாமியார் போட்ட பூக்களைப் பிரிக்காதே, சரி செய்யாதே. மீதியை உன் கையால் போடு, ஓரத்தில் இருவர் பெயரையும் தை.

இன்னொரு செய்தி. மூலத்துணியை 2026 செப்டம்பர் முதல் 2027 ஜூலை வரை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் வைக்கப்போவதாக அறிவித்திருக்கிறார்கள். லீக் பெண்களின் நகல் ரெடிங் நகர மியூசியத்தில் இருக்கிறது. லண்டனிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். அந்தப் பக்கம் இருக்கும் பிள்ளைகள் இரண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள். ரெடிங் போனால் படங்களுக்குக் கீழே இருக்கும் பெயர்களைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். கொஞ்சம் பெரிதாக எடுங்கள், கண்ணாடி போட்டாலும் இப்போது சின்ன எழுத்து தெரிவதில்லை.