ஃப்ளைட்ல உட்காரணுமா, எழுந்து நடக்கணுமா? நூறு வருஷக் கதை

1/
வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பும் பெரியவர்கள் செக்கப்புக்கு வரும்போது ரெண்டு விஷயம் சொல்வேன். "ஃப்ளைட்ல அடிக்கடி எழுந்து நடங்க." "சீட்ல இருக்கிறப்போ பெல்ட்டைக் கழட்டாதீங்க." ஒரு ஐயா சிரிச்சுக்கிட்டே கேட்டார்: "ஏன் டாக்டர், என்னை உட்காரச் சொல்றீங்களா, எழுந்திரிக்கச் சொல்றீங்களா?"

நியாயமான கேள்விதான். ரெண்டு அறிவுரைக்குப் பின்னாலும் மரணங்கள் இருக்கு. அந்த வரலாறைத்தான் இந்த த்ரெட்ல சொல்லப் போறேன்.

2/
முதல் கதை 1912இல் நடந்தது. ஹாரியட் குவிம்பி, பைலட் லைசென்ஸ் வாங்கிய முதல் அமெரிக்கப் பெண். அந்த ஏப்ரலில்தான் ஆங்கிலக் கால்வாயைத் தனியாக விமானம் ஓட்டிக் கடந்திருந்தார். அதைச் செய்த முதல் பெண்ணும் அவரே. ஆனால் அதற்கு முந்தைய நாள்தான் டைட்டானிக் மூழ்கியிருந்தது. பத்திரிகைகளில் அவருக்கு இடமே கிடைக்கவில்லை.

3/
ஜூலை 1, பாஸ்டன் அருகே ஒரு விமானக் கண்காட்சி. அதை நடத்திய வில்லியம் வில்லர்டைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு பறந்தார் குவிம்பி. திடீரென விமானத்தின் மூக்கு கீழே சாய்ந்தது. முதலில் வில்லர்ட், அடுத்து குவிம்பி, ரெண்டு பேரும் வெளியே தூக்கி எறியப்பட்டு, ஆழமில்லாத கடல் நீரில் விழுந்து இறந்தார்கள். ரெண்டு பேருமே பெல்ட் போட்டிருக்கவில்லை.

4/
ஏன் சாய்ந்தது என்பதில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. பைலட்டிடம் ஏதோ சொல்ல வில்லர்ட் சீட்டிலிருந்து முன்னால் எழும்பியதில் எடை மாறிவிட்டது என்பது ஒரு விளக்கம். அது எப்படி இருந்தாலும் இன்னொன்றைக் கவனியுங்கள். ஆளே இல்லாத அந்த விமானம் தானாகவே இறங்கி வந்து சேற்றில் சிக்கி நின்றது. அதற்குப் பெரிய சேதம் இல்லை. உயிரோடு இருக்கத் தேவையாக இருந்தது ஒரு வார்ப்பட்டை மட்டும்தான்.

5/
"அது திறந்த விமானம் டாக்டர், இப்போ மேல கூரை இருக்கே"ன்னு கேட்பீங்க. அந்தக் கூரைதான் இப்போ பிரச்சனை.

விமானம் சட்டென்று கீழே இறங்கும்போது பெல்ட் போட்டவர் சீட்டோடு சேர்ந்து இறங்குவார். போடாதவர் இருந்த உயரத்திலேயே இருப்பார். அதாவது கூரை வந்து அவர் தலையில் இடிக்கும். அடுத்த நொடி விமானம் மேலே ஏறும்போது அவர் கீழே வந்து மோதுவார், தரையிலோ சீட்டின் கைப்பிடியிலோ.

6/
1997 டிசம்பர் 28. டோக்கியோவின் நரிட்டாவிலிருந்து ஹொனலுலுவுக்குக் கிளம்பியது யுனைடெட் 826. பசிபிக் கடலுக்கு மேலே கடும் டர்புலன்ஸ். பெல்ட் போடாத ஒரு பெண் பயணி இறந்தார். நிறைய பேருக்குக் காயம். விமானம் டோக்கியோவுக்கே திரும்பிப் பத்திரமாகத் தரையிறங்கியது. மறுபடியும் அதே கதை: விமானம் தப்பியது, பயணி தப்பவில்லை.

7/
2024 மே 21. லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன எஸ்கியூ321. உள்ளே 211 பயணிகள், 18 ஊழியர்கள். மியான்மருக்கு மேலே 37,000 அடி உயரம். பிறகு வந்த முதற்கட்ட விசாரணை அறிக்கை சொன்னது: 4.6 நொடியில் விமானம் 178 அடி இறங்கியிருக்கிறது. சீட் பெல்ட் விளக்கு எரிவதாக பைலட் சொன்னது அந்த இறக்கத்துக்கு ஏறத்தாழ 8 நொடி முன்னால்தான்.

8/
எட்டு நொடியில் என்ன செய்ய முடியும்? பெல்ட்டின் ரெண்டு முனையையும் தேடி எடுப்பதற்கே நேரம் போதாது. டாய்லெட் வாசலில் நிற்பவருக்கு அதுகூட முடியாது.

73 வயது பயணி ஒருவர் இறந்தார், மாரடைப்பாக இருக்கலாம் என்றார்கள். பாங்காக் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட பலருக்கு மண்டையிலும் முதுகுத்தண்டிலும் அடி. முதுகுத்தண்டில் அடிபட்டால் உயிர் பிழைத்தாலும் வாழ்க்கை பழையபடி இருக்காது. அதனால் விளக்கு எரிந்ததும் பெல்ட் போடுவது போதாது. சீட்டில் இருக்கும் வரை பெல்ட் போட்டே இருக்கணும்.

9/
"அப்போ ஏறினதுல இருந்து இறங்குற வரைக்கும் அசையாம உட்கார்ந்துட்டா சேஃப்தானே?"

இல்லை. இங்கேதான் ரெண்டாவது கதை ஆரம்பம். அது நடந்தது ஆகாயத்தில் அல்ல, பூமிக்கு அடியில்.

10/
1940, லண்டன். ஜெர்மன் விமானங்கள் தினமும் இரவு குண்டு போட்டன. மக்கள் பதுங்கிடங்களில் ராத்திரி முழுக்க மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து கழித்தார்கள். நம்ம வீட்டு ஈஸிசேர் மாதிரி, துணி கட்டி முன்னால் ஒரு மரச்சட்டம் வைத்த நாற்காலி. குண்டு எதுவும் படாத சிலர் காலையில் எழுந்து நடந்ததும் சுருண்டு விழுந்து இறந்தார்கள்.

11/
பிரேதப் பரிசோதனை நிபுணர் கீத் சிம்ப்சன் இதைக் கவனித்து அந்த ஆண்டே லான்செட் இதழில் எழுதினார். காலின் ஆழமான ரத்தக்குழாயில் உறைந்த கட்டி, நுரையீரலுக்குப் போய் அடைத்திருந்தது. மருத்துவத்தில் பல்மனரி எம்பாலிசம் என்போம். முந்தைய ஆண்டைவிட இப்படிப்பட்ட மரணங்கள் ஆறு மடங்கு. குற்றவாளி அந்த மரச்சட்டம். மணிக்கணக்காகத் தொடையின் பின்பக்கத்தை அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தடுத்தது. நாற்காலிக்குப் பதில் படுக்க பங்க் கட்டில் போடுங்கள் என்பதுதான் மருந்து.

12/
கொஞ்சம் உடலியல். இதயம் ரத்தத்தைக் காலுக்கு அனுப்பிவிடும். திரும்ப மேலே ஏற்றும் வேலையில் பெரும்பங்கு கெண்டைக்கால் சதைக்கு. நடக்கும்போது அந்தச் சதை சுருங்கி ரத்தக்குழாயைப் பிழியும். உள்ளே இருக்கும் வால்வுகள் ரத்தம் கீழே திரும்பாமல் பார்த்துக்கொள்ளும். அசையாமல் உட்கார்ந்தால் இந்த பம்ப் நின்றுவிடும். ரத்தம் தேங்கும். தேங்கினால் உறைய வாய்ப்பு.

13/
1954இல் பாஸ்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹோமன்ஸ், நீண்ட நேரம் உட்கார்ந்ததால் காலில் ரத்தம் உறைந்தவர்களைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அதில் ஒருவர் 14 மணி நேரம் விமானத்தில் வந்த 54 வயதுக்காரர். தொழில்? டாக்டர்! விஷயம் தெரிஞ்சவங்களுக்கும் ரத்தம் உறையும்.

14/
1977இல் இதற்கு 'எகானமி கிளாஸ் சிண்ட்ரோம்' என்று பெயர் வந்தது. உலகம் திரும்பிப் பார்த்தது 2000இல்தான். சிட்னி ஒலிம்பிக் பார்த்துவிட்டு லண்டன் ஹீத்ரோவில் வந்திறங்கிய 28 வயது பெண், விமான நிலையத்திலேயே மயங்கி விழுந்து இறந்தார். காரணம், நுரையீரலில் ரத்தக்கட்டி.

15/
அடுத்த ஆண்டு பாரிஸ் சார்லஸ் டி கால் விமான நிலையத்தின் ஏழு ஆண்டுக் கணக்கு வெளிவந்தது. வந்திறங்கிய 13.5 கோடிப் பயணிகளில் நுரையீரல் அடைப்போடு ஆம்புலன்ஸ் ஏறியவர்கள் 56 பேர். தூரவாரியாக, 10 கோடிப் பயணிகளுக்கு:

5,000 கி.மீ.க்குள்: 1
5,000 கி.மீ.க்கு மேல்: 150
10,000 கி.மீ.க்கு மேல்: 480

சென்னையிலிருந்து அமெரிக்கா போகிறவர்கள் கடைசி வரியில் வருவார்கள்.

16/
பயப்பட வேண்டாம். இறங்கிய உடனே விழுந்தவர்கள் மட்டும்தான் அந்தக் கணக்கு. பிறகு உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2007இல் சொன்னது: நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் ரத்த உறைவு வாய்ப்பு ஏறத்தாழ ரெண்டு மடங்கு ஆகும். ஆனாலும் மொத்தத்தில் சுமார் 6,000 பேருக்கு ஒருவர்தான். பஸ், ரயில், கார் எதில் நீண்ட நேரம் அசையாமல் இருந்தாலும் இதே கதைதான். பிசினஸ் கிளாஸ்காரருக்கும் வரும். அந்த வகையில் 'எகானமி கிளாஸ்' என்ற பெயரே தப்பு.

17/
ஆக, அந்த ஐயாவின் கேள்விக்குப் பதில்:

விளக்கு அணைந்திருக்கும்போது ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்க. வேலை முடிந்ததும் சீட்டுக்குத் திரும்புங்க, டாய்லெட் பக்கம் நின்று அரட்டை வேண்டாம். உட்கார்ந்ததும் பெல்ட். பெல்ட் போட்டபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்க, கெண்டைக்கால் பம்ப் ஓடும். விளக்கு எரிந்தால் எழவே கூடாது. முடிந்தால் நடைபாதை ஓர சீட் கேட்டு வாங்குங்க.

18/
ஏற்கெனவே ரத்தக்கட்டி வந்தவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள் கிளம்பும் முன் டாக்டரைப் பாருங்க. அழுத்தக் காலுறையோ ஊசியோ வேணுமான்னு அவர் முடிவு செய்யட்டும். "எதுக்கும் ஒரு ஆஸ்பிரின்"னு நீங்களா போட்டுக்காதீங்க.

19/
எனக்குப் பெரிய கவலை நம்ம அம்மாக்கள்தான். ஜன்னல் ஓர சீட். பக்கத்தில் ரெண்டு பேர் தூங்குறாங்க. "எப்படிப்பா எழுப்புறது, பாவம்"னு பதினாலு மணி நேரம் அப்படியே இருப்பாங்க. டாய்லெட் போக வேண்டி வருமேன்னு தண்ணியும் குடிக்க மாட்டாங்க. முழங்கால் வலி வேற. டிக்கெட் போடும் பிள்ளைகளே, அம்மாவுக்கு நடைபாதை ஓர சீட் போடுங்க. "எழுப்புறதுல தப்பில்லம்மா"ன்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க.

20/
கடைசியா ஒன்று. கட்டி ஃப்ளைட்டிலேயே தெரியணும்னு இல்லை. இறங்கிச் சில வாரம் வரை வரலாம். ஒரு கால் மட்டும் வீங்கினால், கெண்டைக்காலில் வலி எடுத்தால், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம் வந்தால் உடனே எமர்ஜென்சிக்குப் போங்க. அங்கே மறக்காமல் சொல்ல வேண்டிய வாக்கியம்: "இப்பத்தான் ரொம்ப தூரம் பயணம் செஞ்சு வந்தேன்." அந்த ஒரு வரி எங்களுக்கு நேரத்தை மிச்சப்படுத்தும், உங்களுக்கு உயிரை.

ஊருக்குக் கிளம்பும் யாராவது வீட்டில் இருந்தால் இதைப் படிச்சுக் காட்டுங்க.